கடை கம்ப்யூட்டரில் ஓடும் ஆப்பை வெளியூரில் இருந்து திறக்க முடியுமா? 'போர்ட்' திறக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

கீழ்பென்னாத்தூரில் ஒரு வேர்க்கடலை மண்டி என்று வைத்துக்கொள்வோம். எந்த விவசாயி எத்தனை மூட்டை போட்டார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கெல்லாம் கடை கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு வெப் ஆப்பில் இருக்கிறது. கடை வைஃபையில் இருக்கும்வரை செல்போன் பிரவுசரில் 192.168.1.10:8080 என்று அடித்தால் கணக்கு வந்து நிற்கும். ஓனர் திருவண்ணாமலை பஸ் ஏறி மொபைல் டேட்டாவுக்கு மாறினால் போச்சு. சுத்திக்கிட்டே இருக்கும், திறக்காது.

ஏன் திறக்கவில்லை?

192.168 என்று தொடங்கும் எண் கடைக்குள் மட்டும்தான் செல்லும். அதே எண் பக்கத்து வீட்டு கம்ப்யூட்டருக்கும் இருக்கலாம். வெளியுலகுக்குத் தெரிவது, இன்டர்நெட் கம்பெனி ரவுட்டருக்குக் கொடுக்கும் பப்ளிக் ஐபி. உள்ளே இருந்து ஒருவர் யூடியூப் கேட்டால், திரும்பி வரும் பதிலை யாரிடம் சேர்க்கணும் என்று ரவுட்டர் ஞாபகம் வைத்திருக்கும். வெளியில் இருந்து தானாக வந்து கதவைத் தட்டுபவரை யாரிடம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. அப்படியே விட்டுவிடும்.

இதற்குப் பழைய வழி போர்ட் ஃபார்வர்டிங். 'இந்த எண்ணில் வருபவரை மண்டி கம்ப்யூட்டருக்கு அனுப்பு' என்று ரவுட்டரில் எழுதி வைப்பது. பப்ளிக் ஐபி அடிக்கடி மாறினால், அதைப் பின்தொடர்ந்து ஒரே பெயரில் காட்டும் டைனமிக் டிஎன்எஸ் சேவையும் வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் வரவில்லையா?

அப்படியென்றால் தப்பு பெரும்பாலும் உங்கள் மேல் இல்லை. ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பும் அதே ஏப்ரலில் கடைசிக் கட்டத்துக்கு வந்து, ரேஷன் முறையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதனால் பல கம்பெனிகள் ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால் நிறைய வாடிக்கையாளர்களை உட்கார வைக்கின்றன. இதன் பெயர் சிஜிநாட்.

கண்டுபிடிப்பது சுலபம். ரவுட்டர் பக்கத்தில் 'வேன் ஐபி' என்று இருக்கும் எண்ணையும், 'என் ஐபி என்ன' என்று கூகுளில் தேடினால் வரும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால், சிஜிநாட்தான். ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பலன் இல்லை. கூடுதல் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி கேட்கலாம். இல்லையென்றால் டனல்.

டனல் என்றால்?

வெளியில் இருந்து உள்ளே வர முடியாது, உள்ளிருந்து வெளியே போகலாம் இல்லையா? அதைத்தான் டனல் பயன்படுத்திக்கொள்கிறது. மண்டி கம்ப்யூட்டரில் ஒரு சின்ன புரோகிராம் ஓடும். அது வெளியே இருக்கும் ஒரு சர்வருடன் இணைப்பைப் போட்டு விடாமல் பிடித்திருக்கும். சென்னையில் இருப்பவர் அந்த சர்வரின் முகவரியைத் திறப்பார். கோரிக்கை அந்த இணைப்பு வழியாகவே கடைக்கு வரும். என்கிராக், கிளவுட்ஃபிளேர் டனல் எல்லாம் இந்த வகைதான். கிளவுட்ஃபிளேர் 2021-ல் இதை இலவசமாக்கியது. ரவுட்டரில் கை வைக்கவே வேண்டாம். ஆனால், போக்குவரத்து முழுக்க இடையில் ஒரு கம்பெனி வழியாகப் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

திறந்த கதவுக்குள் யார் வருவார்?

யூடியூப் வீடியோக்களில் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான். ஒரு போர்ட்டைத் திறந்தால், 'கீழ்பென்னாத்தூர் மண்டி கணக்கை யார் தேடப் போறா?' என்ற நினைப்பு செல்லாது. யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை; இன்டர்நெட்டில் இருக்கும் ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடுகின்றன. இப்படித் திறந்திருக்கும் கருவிகளைப் பட்டியலிடவே ஷோடான் என்று ஒரு தேடுபொறி 2009-ல் இருந்து இருக்கிறது.

2016 அக்டோபர் 21-ல் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்பட பல தளங்கள் முடங்கின. காரணம் மிராய் என்ற வைரஸ். சுமார் 60 ஃபேக்டரி பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டே சிசிடிவி கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து, அவற்றை வைத்துத் தாக்கியது. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் வெளியே வந்தது இன்னும் கொடுமை. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவிக்குள் இன்டர்நெட் வழியாகப் புகுந்து, பெண் நோயாளிகளின் காட்சிகளை எடுத்து டெலிகிராமில் விற்றது போலீஸ் விசாரணையில் தெரியவந்தது.

மண்டி ஆப்பில் இருப்பது விவசாயிகளின் போன் நம்பரும் வங்கிக் கணக்கு எண்ணும். அதில் பாஸ்வேர்டே இல்லாத ஆப்பை அப்படியே வெளியே விடுவது, கல்லாப்பெட்டியைத் தெருவில் வைத்த மாதிரி. லாகின் கட்டாயம், எச்டிடிபிஎஸ் கட்டாயம் (லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம்தான்). டேட்டாபேஸ் போர்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது.

உண்மையில் ஓனரும் கணக்குப்பிள்ளையும் மட்டும் பார்க்க வேண்டிய ஆப்பை இப்படி வெளியே திறக்கவே தேவையில்லை. வயர்கார்ட், டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் போட்டால் அந்த ரெண்டு பேர் போனில் மட்டும் திறக்கும். மற்றவர்களுக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. டெய்ல்ஸ்கேல் சிஜிநாட்டைத் தாண்டியும் வேலை செய்யும்.

எந்த வழியில் போனாலும் கடை கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கணும். ஸ்லீப் மோடை அணைத்துவிடுங்கள். யுபிஎஸ் வாங்கினால் ரவுட்டரையும் அதிலேயே சொருகுங்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் கரண்ட் இருந்தால் சென்னையில் கணக்கு திறக்காது.