உஷார்! ஒழுகுது என்றதும் மெடிக்கலுக்கு ஓடாதீர்கள்

தாத்தாவின் வேட்டி அடிக்கடி நனைகிறதா? 'வயசாயிடுச்சு, கன்ட்ரோல் இல்ல' என்று நீங்களே முடிவு கட்டி, பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆபத்து!

சொட்டுவது, சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்தால் சிறுநீர் முழுதாக இறங்காது. தேங்கி நிற்பதுதான் கசியும். அந்த நிலையில் ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின் போன்ற, பையின் சுருக்கத்தைக் குறைக்கும் மாத்திரை உள்ளே போனால் வருகிற கொஞ்சமும் நின்றுபோகலாம். தேக்கம் நீடித்தால் சிறுநீரகமே கெடும். சில சளி மாத்திரைகள்கூட இப்படி அடைத்துவிடும். தொப்புளுக்குக் கீழே உப்பலாக, அழுத்தினால் வலியாக இருக்கிறதா? அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சிறுநீர் கழித்தபின் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஸ்கேன் இருக்கிறது, வாய்விட்டுக் கேளுங்கள்.

பையின் சுருக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகளுக்கு இன்னொரு முகமும் உண்டு: வாய் வறளும், மலம் கட்டும், வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும். தாத்தா திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், புதிதாக என்ன மாத்திரை ஆரம்பித்தோம் என்று யோசியுங்கள். (டாக்டர் பார்த்து எழுதியதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.)

மலத்திலும் இதே ஏமாற்று வேலை நடக்கும். நாலைந்து நாள் போகாமல் இருந்தவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசியும். வீட்டில் பேதி என்று நினைத்து லோபரமைடு கொடுப்பார்கள். உள்ளே கல்லாக இறுகிய மலத்தைச் சுற்றி வழிகிற நீர் அது! தேவை அதை இளக்கி வெளியேற்றும் வைத்தியம். மாத்திரை இன்னும் அடைக்கும்.

இருமினால், சிரித்தால் சிறுநீர் கசியும் பெண்களுக்கு முதல் சிகிச்சை இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தர, குறைந்தது 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும். அதில் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை உண்டு. அடக்க முடியாத அவசரத்துக்கு நேரத்தைத் தள்ளிப்போடும் பயிற்சி, மாத்திரை, பையில் போடும் போடாக்ஸ் ஊசி, நரம்பைத் தூண்டும் கருவி என்று வரிசையாக இருக்கிறது. டயபரோடு நிறுத்திக்கொள்வானேன்? கசிகிறதே என்று தண்ணீரைக் குறைப்பதும் வேண்டாம், மலம்தான் கட்டும்.

முதுகுவலியோடு, உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீர் வராவிட்டாலோ தெரியாமல் போய்விட்டாலோ, அது தண்டுவட நரம்புகள் நசுங்குவதாக இருக்கலாம். நடுராத்திரி என்றாலும் எம்.ஆர்.ஐ. உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். காலைவரை காத்திருக்காதீர்கள்.