கோழி கத்தினால் கமராவைத் தூக்கு!

மேகத்தைக் கிழித்துக்கொண்டு வரும் கருங்கழுகின் படத்தைப் பார்த்து வாய்பிளந்திருப்பீர்கள். அந்தப் படத்துக்கு வெளியே என்ன நடந்தது தெரியுமா? எடுத்தவர் தலையில் பொலித்தீன் பை, காலில் அட்டை, உள்சட்டைப் பையில் இரண்டு பற்றரி, கையில் ஆறிப்போன பிளேன்டீ! ஊவா தோட்டங்களில் மார்கழிக் குளிரில் கழுகுப் படம் எடுக்கிற கூத்து இதுதான்.

வெண்பனி இங்கே கொட்டுவதில்லை. ஆனால் வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கம் பிடித்துக்கொண்டால், ஹப்புத்தளையில் நிற்பவருக்கு அதுவே தேவலை என்று தோன்றிவிடும். எதிரே இருந்த தேயிலை மலையை மூடுபனி கண்முன்னாலேயே விழுங்கிவிடும். ஒஹியா வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறினால் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்மேல் உறைபனியும் உண்டு.

மழை விட்டுக் கொஞ்சம் வெயில் அடிக்கட்டும், பாருங்கள்! ஹப்புத்தளை விளிம்பு தெற்கே செங்குத்தாக இறங்குகிறது. கீழிருந்து வரும் காற்று சரிவில் மோதி மேலே எழும்பும். அதில் சிறகசைக்காமல் மிதந்து வருவார் கதாநாயகர். உடம்பெல்லாம் கறுப்பு, கால் மட்டும் மஞ்சள், சிறகு நுனியோ விரல் விரித்தாற்போல. சவுக்கு மரங்களுக்குச் சற்று மேலே மெள்ள, அத்தனை மெள்ளப் பறப்பார். அவர் துழாவுவது மற்றப் பறவைகளின் கூடுகளை! முட்டை, குஞ்சோடு கூட்டையே காலில் தூக்கிக்கொண்டு போகிற ஆள். நகங்கள் நீண்டு, அதிகம் வளையாமல் இருப்பது அதற்கு வாகு.

வருகிறார் என்று எப்படித் தெரியும்? இதுதான் தொழில் ரகசியம்: லயத்துக் கோழி! மேயும் கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்து நீட்டிக் கத்தினால், கேள்வி கேட்காமல் கமராவைத் தூக்குங்கள். கொண்டைக்குருவிகள் சட்டென்று வாயடைத்தாலும் அதே கதைதான். நான் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றபோது கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் சொன்னார்: “தம்பி, மேல பாத்தது போதும், கீழ காலப் பாருங்க.” பார்த்தேன். காலுறையே சிவப்பு! காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு வரும் வழக்கத்தை அவர்தான் சொல்லித்தந்தார். அவர் இடுப்பில் கட்டியிருந்த படங்கைப் பார்த்த பிறகு என் கமராவுக்கும் ஒரு துண்டு படங்கு வந்துவிட்டது. விலையுயர்ந்த மழையுறை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெள்ளை மூடுபனியில் கறுப்புப் பறவை என்றால் கமரா ஏமாறும். கழுகு வெறும் நிழலாக விழும். வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரை ஸ்டொப் கூட்டிவையுங்கள். இவர் நிதானப் பேர்வழி, ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கன் ஷட்டர் போதும். ஷாஹீன் வல்லூறு பாய்ந்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது! குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், உடம்புச் சூட்டில் வைத்தால் தாங்கும். எல்லாவற்றையும்விட, குளிரிலிருந்து சூடான அறைக்குள் போகுமுன் கமராவைப் பைக்குள் போட்டு இறுகக் கட்டுங்கள். ஈரம் பைக்கு வெளியே படியட்டும். லென்ஸுக்குள் படிந்தால் பூஞ்சைதான்.

இனி சிரிக்க முடியாத பகுதி. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மலை சரிந்தது இதே பதுளை மாவட்டத்தில்தான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாளில் எந்தக் கழுகும் வேண்டாம், வீட்டில் இருங்கள்.

பறவைக்கும் பாதுகாப்பு வேண்டுமே! ஷாஹீன் பாறை விளிம்பில் முட்டையிடும் பருவமும் இந்தக் குளிரை ஒட்டித்தான் வருகிறது. ஆள் நெருங்கித் தாய் எழுந்தால் முட்டை விறைத்துப்போகும். கூட்டருகே ட்ரோன் அனுப்புகிறவரைக் கலைஞர் என்று நான் சொல்லமாட்டேன். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் சும்மா இல்லை.

ஆசை வந்துவிட்டதா? தோட்டத்துக் காரியாலயத்தில் அனுமதி கேட்டுவிட்டு ரோட்டோரம் நில்லுங்கள், அவராகவே தலைக்கு மேலே வருவார். படத்தைத் தாராளமாகப் போடுங்கள். கூடு கண்ணில் பட்டால் மட்டும், இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்.