வெப்பமடையும் பூமியும் நம் பிள்ளைகளின் ஹஜ்ஜும்

ஹிஜ்ரி 1445, துல்ஹஜ் பிறை 11. அதாவது 2024 ஜூன் 17. இறையில்லம் நாடிச் சென்ற சுமார் 18 இலட்சம் ஹாஜிகள் ஹஜ்ஜுக் கடமைகளை நிறைவேற்றிக்கொண்டிருந்த அன்று, மக்காவின் புனிதப் பள்ளியில் பதிவான வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸ்.

அவ்வாண்டு ஹஜ்ஜில் 1,301 பேர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள். அனுமதி இல்லாமையால் குளிரூட்டப்பட்ட கூடாரமும் பேருந்தும் அவர்களுக்குக் கிட்டவில்லை. நிழலின்றி, ஓய்வின்றி, கொதிக்கும் வெயிலில் நெடுந்தொலைவு நடந்தே சென்றவர்கள் அவர்கள். அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, மேலான சுவனத்தை அல்லாஹ் அவர்களுக்கு வழங்குவானாக!

அன்பு வாசகர்களே! மரணத்தின் தவணை அல்லாஹ்விடம் உள்ளது என்பது நம் ஈமான். ஆயினும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்றுத்தந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் நாம். ஆகவே, இவ்வெப்பம் எங்கிருந்து வந்தது, இனி எங்கே போகும் என்று சிந்திப்பது நம் கடமையாகும்.

பாலைவனத்தில் வெயில் புதிதா?

"மக்கா என்றால் வெயில் இருக்கத்தானே செய்யும்? நம் பாட்டனார் காலத்தில் ஒட்டகத்தில் ஏறியும் கால்நடையாகவும் சென்று ஹஜ்ஜுச் செய்யவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மக்கா என்றும் வெப்பமான ஊர்தான். ஆனால் அந்த வெப்பம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கடந்த சில பத்தாண்டுகளில், பத்தாண்டுக்குச் சுமார் 0.4 டிகிரி வீதம் மக்காவின் வெப்பநிலை உயர்ந்து வந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

இது மக்காவுக்கு மட்டும் நேர்ந்த சோதனையன்று. பூமி முழுவதும் சூடேறி வருகிறது. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால், 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் ஒன்றரை டிகிரிக்கும் அதிகமாக உயர்ந்திருந்தது என உலக வானிலை அமைப்பு தெரிவித்தது. ஒன்றரை டிகிரிதானே என்று இலேசாக எண்ணிவிடாதீர்கள். நம் உடல் வெப்பம் ஒன்றரை டிகிரி ஏறினாலே காய்ச்சல் என்று படுத்துவிடுகிறோம் அல்லவா?

பூமிக்குப் போர்த்திய போர்வை

சூரிய வெப்பத்தைப் பூமி பெற்று, ஒரு பகுதியை மீண்டும் வான்வெளிக்கு அனுப்புகிறது. திரும்பிச் செல்லும் அவ்வெப்பத்தின் ஒரு பங்கைக் கரியமில வாயு, நீராவி, மீத்தேன் முதலியவை பிடித்து வைக்கின்றன. இந்தப் போர்வை இல்லையென்றால் பூமி பனிக்கட்டியாய் உறைந்திருக்கும். எனவே போர்வை இறைவன் தந்த அருட்கொடை. அதை நாமே மேலும் மேலும் தடிக்கச் செய்ததுதான் தீங்கு.

கரியமில வாயு வெப்பத்தைத் தடுத்து வைக்கும் என்பதை 1859இல் ஜான் டிண்டால் என்னும் அறிஞர் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். நிலக்கரி எரிவதால் பூமி சூடேறும் என்பதை 1896இல் சுவீடன் நாட்டு ஸ்வாந்தே அர்ரீனியஸ் கணக்கிட்டுச் சொன்னார். ஆகவே இது நேற்று முளைத்த கதையன்று. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து இலட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது. பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்கடியில் புதைந்திருந்த நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் இருநூறு ஆண்டுகளுக்குள் தோண்டி எரித்ததன் விளைவு இது. காடுகளை அழித்ததும், குப்பை மேடுகளிலிருந்தும் கால்நடைகளிலிருந்தும் எழும் மீத்தேனும் இதனோடு சேர்ந்துகொண்டன.

இதில் யார் குற்றவாளி? இதுவரை வெளியேறிய புகையில் பெரும்பங்கு அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் உரியது. இன்று ஆண்டுதோறும் மிகுதியாக வெளியிடுவது சீனா. நம் இந்தியாவில் தலைக்கு வெளியாகும் அளவு உலகச் சராசரிக்கும் குறைவே. எனினும் நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. எண்ணெய் வளத்தால் செழித்த நாடுகளுள் பல முஸ்லிம் நாடுகள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதக் கரங்களின் செயலே காரணம் என்று உணர்த்தும் அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம், மற்றவரைப் பார்த்து மட்டும் சொல்லப்பட்டதன்று.

வியர்வை உலராத வேளை

வெயிலைவிடக் கொடியது ஒன்று உண்டு, அது புழுக்கம். நம் உடலைக் குளிர்விக்க இறைவன் அமைத்த ஏற்பாடு வியர்வை. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் வியர்வை வழியுமே தவிர உலராது. உடற்சூடு ஏறிக்கொண்டே போகும். அது 40 டிகிரியைத் தாண்டி அறிவு தடுமாறத் தொடங்கினால், அதுவே வெப்பத்தாக்கு. உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

காற்று ஒரு டிகிரி சூடேறினால், அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. மக்காவுக்கு மேற்கே செங்கடல் இருக்கிறது. கோடையின் பிற்பகுதியில், அதாவது ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், கடலின் ஈரமும் பாலையின் சூடும் ஒருங்கே கூடுகின்றன. ஹாஜிகளுக்கு மிகவும் இடர் தரும் பருவம் அதுவே.

பிறைக் கணக்கு தரும் அவகாசம்

பிறை ஆண்டு, சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு. ஆகையால் ஹஜ்ஜுக் காலம் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2024இல் ஜூன் நடுவில் வந்த ஹஜ், மே, ஏப்ரல், மார்ச் என நகர்ந்து, 2030களின் இறுதியில் குளிர்காலத்தின் நடுவே வரும். பின்னர் இலையுதிர்காலம் கடந்து, 2047 அளவில் செப்டம்பரையும் 2052 அளவில் ஆகஸ்டையும் அடையும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அல்ஃபாதிஹ் அல்தாஹிரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எச்சரிக்கிறது. 2047 முதல் 2052 வரையிலும், பின்னர் 2079 முதல் 2086 வரையிலும், வெட்டவெளியில் நடைபெறும் ஹஜ்ஜுக் கிரியைகளின்போது வெப்பமும் ஈரமும் சேர்ந்து மிகக் கடுமையான ஆபத்து நிலையைத் தாண்டக்கூடும் என்பது அதன் முடிவு. புகை வெளியேற்றத்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையும். ஆனால் முற்றிலும் நீங்காது என்றும் அவ்வாய்வு கூறுகிறது.

சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று மதரஸாவில் அலிஃப், பே ஓதும் பிள்ளைகள் அன்று முப்பதைத் தாண்டியிருப்பார்கள். இன்று நாற்பதில் இருக்கும் நாம், ஹயாத்து நீண்டிருந்தால், அறுபதைத் தாண்டி அவர்களின் கைபிடித்து அரஃபாவில் நிற்போம். வரவிருக்கும் கால் நூற்றாண்டு நமக்குக் கிடைத்த அவகாசம். குளிர்கால ஹஜ்ஜின் இதத்தில், கோடை திரும்பி வரும் என்பதை மறந்துவிடலாகாது.

அரஃபாவில் வேம்பு

முயன்றால் பயன் உண்டு என்பதற்கு அரஃபா மைதானமே சான்று. 1985ஆம் ஆண்டு ஹஜ் ஆகஸ்டு மாதத்தில் வந்தது. வெப்பத்தாக்கினால் அப்போது ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அந்த எண்பதுகளில் அரஃபாவில் சுமார் பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 50,000 மரங்கள் நடப்பட்டன. என்ன மரங்கள் தெரியுமா? நம் வீட்டு முற்றத்தில் நிற்கும் அதே வேம்புதான்! கடும் வறட்சியைத் தாங்கி அடர்ந்த நிழல் தரும் அம்மரத்தின் கீழ் நின்று இன்று உலக முஸ்லிம்கள் துஆச் செய்கிறார்கள்.

அதன்பின் நீர்த்துளி தூவும் குழாய்களும், குளிர்ந்த கூடாரங்களும், வெப்பத்தாக்குச் சிகிச்சை மையங்களும், 2010 முதல் புனிதத் தலங்களை இணைக்கும் இரயிலும் வந்தன. இத்தகைய ஏற்பாடுகளால், சூடு கூடிவந்த போதிலும், வெப்பத்தாக்குக்கு ஆளாவோர் விகிதம் கடந்த நாற்பதாண்டுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்துள்ளதாக ஆய்வு கூறுகிறது. நிழல் உயிர் காக்கும். நிழல் கிட்டாதவரே 2024இல் பெரிதும் மாண்டனர். ஆனால் எத்தனை கூடாரம் அமைத்தாலும், வெப்பத்தின் வேரை வெட்டாமல் அதை எத்தனை காலம் எதிர்கொள்ள இயலும்?

நாம் செய்ய வேண்டியவை

இஹ்ராம் கட்டியவர் வேட்டையாடக் கூடாது. ஹரம் எல்லைக்குள் தானாக வளர்ந்த செடியையும் வெட்டக் கூடாது. படைப்புகளின்மீது கை ஓங்காத அந்தப் பயிற்சியை ஹஜ்ஜோடு முடித்துவிட்டு ஊர் திரும்புவது முறையா? ஒரு 'முத்து' அளவு, அதாவது இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு நீரில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒளுச் செய்தார்கள். நம் பள்ளிவாசல் குழாய்களில் ஓடும் நீரை ஒருநாள் அளந்து பாருங்கள்.

பள்ளிவாசலின் மொட்டைமாடியில் சூரிய மின்தகடு அமைப்பது, ஒளு நீரை வீணாக்காது தோட்டத்துக்கோ நிலத்தடிக்கோ திருப்புவது, கபருஸ்தானில் வேம்பும் புங்கையும் நட்டு வளர்ப்பது ஆகியவற்றை ஒவ்வொரு ஜமாஅத்தும் மேற்கொள்ளலாம். நிக்காஹ் விருந்துகளில் சட்டி சட்டியாய்க் குப்பைக்குப் போகும் பிரியாணி, வீண்விரயம் என்னும் பாவத்தோடு நிற்பதில்லை. குப்பை மேட்டில் அழுகி மீத்தேனாகவும் எழுகிறது. கியாமத்து நாள் நெருங்கும் தருணத்திலும் கையில் இருக்கும் மரக்கன்றை நட்டுவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

இவை மட்டும் போதுமா என்றால், போதா. வல்லரசுகளும் எண்ணெய் நாடுகளும் தம் போக்கை மாற்றியாக வேண்டும். 2015இல் இஸ்தன்புல் நகரில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள், பணக்கார நாடுகளும் எண்ணெய் வள நாடுகளும் இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் புகை வெளியேற்றத்தை நிறுத்த முன்வர வேண்டும் என அறிக்கை விடுத்தனர். மேடையில் ஏறும் ஆலிம்களும் வாக்குக் கேட்டு வரும் தலைவர்களும் இதைப் பேசும்படி நாம் கேட்க வேண்டும்.

ஹஜ்ஜுக்குச் செல்வோர் கவனத்திற்கு

வெப்பக் காலத்தில் செல்வோர் அனுமதி பெற்ற வழியிலேயே செல்லுங்கள். நண்பகலிலிருந்து அஸர் வரை வெட்டவெளியில் நடப்பதைத் தவிருங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் அருந்துங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளோர் புறப்படுமுன் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இஹ்ராமில் ஆண்கள் தலையை மூடலாகாதே தவிர, குடை பிடிக்கத் தடையில்லை. இறுதி ஹஜ்ஜில் கல்லெறியச் சென்றபோது, நபித்தோழர் ஒருவர் ஆடையை உயர்த்திப் பிடித்து நாயகம் (ஸல்) அவர்களுக்கு நிழல் செய்தார். கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையைச் சற்றுத் தாழ்த்தித் தொழச் சொன்னதும் அவர்களே. முதியோர், நோயாளிகள் கல்லெறிவதற்குரிய சலுகைகளை ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளியுங்கள். உடன் வந்தவர் பேச்சுத் தடுமாறினால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நீரால் நனைத்து விசிறி, மருத்துவ உதவியை அழையுங்கள்.

சகோதர சகோதரிகளே! கஃபாவைக் காணும் ஆசையை நம் பிள்ளைகளின் நெஞ்சில் விதைக்கிறோம். அவர்கள் அங்கே சென்று நிற்கும் நாளில் சற்றேனும் நிழல் இருக்க, இன்றே ஒரு கன்றையும் நட்டு வைப்போம். நம் சந்ததியினர் யாவரும் இறையில்லத்தை நலமாகச் சென்று கண்டு, நலமாக வீடு திரும்ப வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.