போர்டு மட்டும் அவங்களோடது

இந்த வார எபிசோட்ல "சொந்தமா ஒரு கார் கூட இல்லாத டாக்ஸி கம்பெனி" பத்திப் பேசும்போது, "இது ஓட்டல்காரங்க முன்னாடியே கண்டுபிடிச்ச வித்தை"ன்னு ஒரு வரி சொல்லிட்டு நகர்ந்துட்டேன். மூணு பேர் விளக்கம் கேட்டு மெசேஜ் போட்டிருந்தீங்க. அதுக்குத்தான் இந்தக் கடிதம். எழுத இன்னொரு காரணமும் இருக்கு, பக்கத்துத் தெரு அங்கிள். அவர்கிட்ட பின்னாடி வர்றேன்.

முதல்ல ரூட்டி ஹில். பிளாக்டவுன் ஸ்டேஷன்ல இருந்து ரெண்டே ஸ்டாப். சிட்னி கொலிசியம் தியேட்டருக்குக் கச்சேரி கேட்கப் போனவங்க பக்கத்துல இருக்கிற நோவோடெல்லைப் பார்த்திருப்பீங்க. இந்தப் பக்கம் ரொம்ப வருஷமா இருக்கிறவங்களைக் கேட்டா, "அது ஹாலிடே இன் ஆச்சே" என்பாங்க. ரெண்டு பேர் சொல்றதும் சரி. கட்டடம் இருந்த இடத்துலதான் இருக்கு, போர்டு மாறிடுச்சு. அந்த இடம் ரூட்டி ஹில் ஆர்எஸ்எல் கிளப்போடது, இப்ப வெஸ்ட் எச்கியூன்னு பேர். நோவோடெல்ங்கிற பெயர் மட்டும் பாரிஸ் புறநகர்ல இருக்கிற ஆக்கோர் கம்பெனிக்குச் சொந்தம். நான் முதல் தடவை இதைத் தெரிஞ்சுக்கிட்டப்ப கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்துச்சு. அத்தனை பெரிய எழுத்துல பேரைப் போட்டிருக்காங்க, ஆனா செங்கல் ஒண்ணு கூட அவங்களோடது இல்லையா?

(ஓட்டல்னா உங்க பாட்டிக்கு இட்லி கிடைக்கிற இடம். இந்தக் கடிதத்துல அது படுக்கை போட்டிருக்கிற இடம். சரியா?)

ஆக்கோரோட கதை ஒரு காப்பியிலதான் ஆரம்பிக்குது. 1952-ல அமெரிக்காவுல மெம்ஃபிஸ் நகரத்துல கெமன்ஸ் வில்சன்னு ஒருத்தர் முதல் ஹாலிடே இன்னைத் திறந்தார். குடும்பத்தோட கார்ல டூர் போனப்ப ஒவ்வொரு மோட்டல்லயும் பிள்ளைகளுக்குத் தனிக் காசு கேட்டது அவருக்குப் பொறுக்கல. எங்க போனாலும் ஒரே மாதிரி அறை, குழந்தைகளுக்கு இலவசம், இதுதான் அவரோட சரக்கு. 1960-கள்ல இதைப் பார்த்து அசந்துபோனவர் போல் டுப்ருல்ங்கிற பிரெஞ்சுக்காரர். ஜெரார் பெலிசோன் அவரோட சேர்ந்தார். பெலிசோன் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? ஐபிஎம். ரெண்டு பேரும் 1967-ல லில் நகரத்து விமான நிலையத்துக்குப் பக்கத்துல 62 அறையோட முதல் நோவோடெல்லைத் திறந்தாங்க. அப்போ பிரான்ஸ்ல ஓட்டல்னா ஒண்ணு ஊருக்கு நடுவுல இருக்கிற பழைய மாளிகை, இல்லேன்னா வராண்டா கடைசியில பொதுக் குளியலறை வெச்ச லாட்ஜ். இவங்க நெடுஞ்சாலை ஓரமா, பார்க்கிங்கோட, அறைக்குள்ளயே குளியலறையோட கட்டினாங்க.

ஆக, ரூட்டி ஹில்ல ஹாலிடே இன் போர்டை இறக்கிட்டு நோவோடெல் போர்டை ஏத்தினது, மூலத்தை எடுத்துட்டு அதோட நகலை வெச்ச மாதிரி. எனக்கு அதுல ஒரு அற்பச் சந்தோஷம்.

அடுத்து நடந்ததை வேகமாச் சொல்லிடறேன். 1974-ல ஐபிஸ், அடுத்து மெர்க்யூர், 1980-ல சோஃபிடெல், 1983-ல ஆக்கோர்ங்கிற பேர். ஆனா 1985-ல வந்த ஃபார்முல் 1 ஓட்டலை வேகமாத் தாண்ட முடியாது. நம்ம தொழில்காரங்க படிக்க வேண்டிய டிசைன் அது. தொழிற்சாலையில தயார் பண்ணின அறைகளைக் கொண்டுவந்து அடுக்கினாங்க. கழிப்பறையும் ஷவரும் பொதுவுல, ஒவ்வொருத்தர் போனதும் தானே கழுவிக்கும். ராத்திரி ரிசப்ஷன்ல ஆள் கிடையாது. வாசல்ல இருக்கிற மெஷின்ல கார்டைப் போட்டா கதவு திறக்க ஒரு நம்பர் வரும். 1985-ல! கான்டாக்ட்லெஸ் செக்-இன்னு இப்ப ஆப்ல விக்கறாங்களே, அதேதான். சிட்னியிலயும் ஃபார்முல் 1 இருந்துச்சு. அதுல பல இடங்கள் இப்ப ஐபிஸ் பட்ஜெட். வென்ட்வர்த்வில்ல உங்க அம்மா அப்பா முதல் வருஷம் வாடகைக்கு வீடு தேடின காலத்துல அந்த போர்டைப் பார்த்திருப்பாங்க.

இதுவரைக்கும் ஆக்கோர் கட்டடம் கட்டின கம்பெனி. நிலத்தை வாங்கி, கடன் எடுத்து, கட்டி, நடத்தி, லாபம் பார்த்த கம்பெனி. பிறகு கொஞ்சம் கொஞ்சமா கட்டடங்களை வித்து, அதே கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினாங்க. 2013-ல செபாஸ்டியன் பாஸான் தலைமைக்கு வந்தார். ரியல் எஸ்டேட் முதலீட்டுத் தொழில்ல இருந்து வந்த ஆள். வந்த புதுசுல கட்டடங்களைத் திரும்ப வாங்கினார். அப்புறம் 2016 வாக்குல மனசு மாறி, ஏறக்குறைய 900 ஓட்டல் கட்டடங்களை ஆக்கோர்இன்வெஸ்ட்னு தனிக் கம்பெனியாப் பிரிச்சார். அதுல பாதிக்கு மேல 2018-ல சவுதி அரசு நிதியம், சிங்கப்பூர் அரசோட ஜிஐசி மாதிரி ஆட்கள்கிட்ட வித்தார். நாலு பில்லியன் யூரோவுக்கு மேல கைக்கு வந்துச்சு. இன்னைக்கு ஆக்கோர் பேர்ல 110 நாடுகளுக்கு மேல, 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டல்கள் இருக்கு. சொந்தக் கட்டடம் மிகக் குறைவு.

இப்ப சம்பளக் கணக்கு. இது நான் போட்ட உதாரணம், எந்த ஓட்டலோட நிஜக் கணக்கும் இல்லை. ஒரு ஓட்டலோட வருஷ வருமானம் ஒரு கோடி டாலர்னு வையுங்க. செலவு 70 லட்சம். நிர்வகிக்கிற பிராண்டுக்கு மொத்த வருமானத்துல 3 சதவீதம், அதாவது 3 லட்சம். மிச்சம் 27 லட்சத்துல ஊக்கத் தொகையா 8 சதவீதம், 2.16 லட்சம். முதலாளிக்கு 24.84 லட்சம். அதுல பேங்க் வட்டி 15 லட்சம் போனா 9.84 லட்சம் நிக்கும். நல்ல வருஷம்.

அடுத்த வருஷம் வியாபாரம் 20 சதவீதம் விழுது. வருமானம் 80 லட்சம். ஆனா செலவு அதே அளவுக்கு விழாது. லிப்ட், கரன்ட், ரேட்ஸ், ஆள் சம்பளம் எல்லாம் இருக்கே. 64 லட்சம்னு வைப்போம். பிராண்டுக்கு 2.4 லட்சமும் 1.09 லட்சமும். முதலாளிக்கு வட்டிக்கு முன்னால 12.51 லட்சம். வட்டி அதே 15. முதலாளி இப்ப 2.49 லட்சம் கையை விட்டுப் போடணும். பிராண்டுக்கு 5.16 லட்சம் 3.49 ஆச்சு. குறைஞ்சுது, ஆனா அவங்க நஷ்டத்துக்குப் போகல.

இதுதான் மொத்த உத்தி. மழை பெய்தாலும் வெயில் அடிச்சாலும் மேல் வரியில இருந்து எடுக்கிறவன் ஒருத்தன், கடைசி வரியில மிஞ்சுறதை எடுக்கிறவன் இன்னொருத்தன். இதை ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். பிராண்ட் நிஜமாவே எதையோ கொடுக்குது: புக்கிங் சிஸ்டம், உறுப்பினர் திட்டம், கம்பெனி அக்கவுன்ட்கள், எந்த ஊர்லயும் எதிர்பார்க்கிற மாதிரி ஒரு படுக்கை. ஹாலிடே இன் 1965-லயே ஐபிஎம்மோட சேர்ந்து ஹோலிடெக்ஸ்னு கம்ப்யூட்டர் முன்பதிவு கொண்டுவந்துச்சு. ஒரு தனி ஓட்டல்காரர் தானா அதைக் கட்ட முடியாது. இன்னைக்கு அந்த வேலையை புக்கிங் தளங்களும் பண்ணுது, அறை வாடகையில தாராளமா கமிஷன் எடுத்துக்கிட்டு. அதனாலதான் பிராண்ட்கள் "எங்க ஆப்ல நேரடியா எடு, பாயின்ட் தர்றோம்"னு உங்க பின்னாடியே வருது.

டெக் கம்பெனியா மாறணும்ங்கிற ஆசையில ஆக்கோர் சறுக்கினதும் உண்டு. 2015-ல தன்னோட புக்கிங் தளத்தைத் தன் பிராண்ட்ல சேராத ஓட்டல்களுக்கும் திறந்துவிட்டாங்க, ரெண்டே வருஷத்துல மூடிட்டாங்க. வீட்டு வாடகைத் தளம், கன்சியர்ஜ் சேவைன்னு வாங்கிக் குவிச்சதுல 2018-ல 246 மில்லியன் யூரோவைக் கணக்குல இருந்து அழிச்சாங்க. சொந்தமா சர்வர் இல்லாத கம்பெனிக்கெல்லாம் கூகுள் ஆகணும்னு ஆசை வருமே, அந்த வியாதிதான்.

போர்டுக்கும் கட்டடத்துக்கும் தனித்தனி விலை உண்டுன்னு காட்ட இன்னொரு கதை. மோட்டல் 6-ஐ 1990-ல வாங்கின ஆக்கோர், 2012-ல பிளாக்ஸ்டோன்கிட்ட 1.9 பில்லியன் டாலருக்கு வித்துச்சு. பிளாக்ஸ்டோன் கட்டடங்களைத் துண்டு துண்டா வித்துத் தீர்த்து, மிஞ்சின பேரையும் ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களையும் 2024-ல 525 மில்லியனுக்குக் கைமாத்துச்சு. வாங்கினது யார்? நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ்ல எல்லாம் சிவப்பு போர்டு மாட்டின ஓயோ.

சரி, அங்கிள்கிட்ட வர்றேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹன்டிங்வுட்ல ஒரு கிடங்குல இருபது வருஷத்துக்கு மேல வேலை. இப்ப ரிடையர் ஆகப் போறார். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பளபளன்னு ஒரு புரோஷரைக் கையில வெச்சுக்கிட்டு வந்தார். கோல்ட் கோஸ்ட்ல சர்வீஸ்டு அபார்ட்மென்ட், ஒரு யூனிட். உலகம் பூராத் தெரிஞ்ச ஒரு பேர் முகப்புல. எந்தப் பேர்னு சொல்லல, ஆக்கோர் இல்லை.

"தம்பி, நீர் கம்ப்யூட்டர் ஆள்தானே, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். நூற்றுக்கு ஆறு வீதம் நிச்சயம் எண்டு போட்டிருக்கு. இவ்வளவு பெரிய கொம்பனி, ஓடிப் போகுமே?"

கம்ப்யூட்டருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நான் கேட்கல. பெரியவங்க பார்வையில நமக்கு எல்லாம் தெரியும். ஆனா ஒப்பந்தத்தைப் படிக்கிறது என் பிழைப்போட ஒரு பாகம்தான்.

சர்வீஸ்டு அபார்ட்மென்ட்ல ஒரே பெரிய முதலாளிக்குப் பதிலா நூறு சின்ன முதலாளிகள். மேலே போட்ட கணக்குல கடைசி வரியை நூறா வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு விக்கறாங்கன்னு நினைச்சுக்கோங்க. ஆஸ்திரேலியாவுல இது பெரிய தொழில். ஆக்கோர் 2018-ல 1.2 பில்லியன் டாலருக்கு வாங்கின மான்ட்ரா குழுமத்தோட பலமே இதுதான். யூனிட்கள் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தம். ரிசப்ஷனும் வாடகைக்கு விடுற உரிமையும் நிர்வாகக் கம்பெனிக்கு. முறையா நடந்தா ரெண்டு பக்கமும் பிழைக்கும்.

அங்கிளோட புரோஷர்ல அந்த ஆறு சதவீதம் முதல் மூணு வருஷத்துக்குத்தான். சின்ன எழுத்துல இருந்துச்சு. உறுதி கொடுத்தது அந்தப் பெரிய பேர் இல்லை, கட்டின டெவலப்பரோட ஒரு துணைக் கம்பெனி. நாலாவது வருஷத்துல இருந்து கட்டணங்கள் எல்லாம் போக மிஞ்சினது. சோபா, டிவி, கார்ப்பெட் மாத்தறதுக்கு மாசாமாசம் பிடித்தம். ஸ்ட்ராட்டா தனி. வாடகை விடுற உரிமை 25 வருஷத்துக்கு வேற கையில. அவரே போய் அங்க குடியிருக்க முடியாது. யூனிட் சின்னதுங்கறதால, விக்கணும்னா வாங்கறவங்களுக்கு பேங்க் லோன் கிடைக்கறதும் சிரமம்.

நான் நிதி ஆலோசகர் இல்லைன்னு அவர்கிட்டயும் சொன்னேன், உங்ககிட்டயும் சொல்லிக்கறேன். இருந்தாலும் இதை ரெண்டு தடவை படிச்சப்ப எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. ஏன்னா இந்த ஒப்பந்தம் எனக்குப் பரிச்சயம். கழுத்துல பெரிய கம்பெனியோட பேட்ஜ், கையெழுத்து போட்டது ஏஜென்சியோட. ஒவ்வொரு மணி நேரத்துலயும் மேல் வரியில இருந்து ஏஜென்சிக்கு ஒரு பங்கு. லீவு, சுகவீனம், வேலையில்லாத வாரம் எல்லாம் கடைசி வரி, அது என்னோடது. 2020 மார்ச்ல ஒரே வார நோட்டீஸ்ல என் ஒப்பந்தம் முடிஞ்சுது. அதே வருஷம் ஆக்கோரும் ரெண்டு பில்லியன் யூரோ கிட்ட நஷ்டம் காட்டுச்சு, பிராண்டும் அடி வாங்காம இல்லை. ஆனா கட்டடத்தை வெச்சிருந்த ஆக்கோர்இன்வெஸ்ட்ல பங்குதாரர்கள் மறுபடி பணம் போட வேண்டி வந்துச்சு, பிரெஞ்சு அரசு உத்தரவாதத்தோட கடனும் வாங்கினாங்க. சவுதி நிதியத்தால மறுபடி போட முடியும். எனக்கு அப்போ முப்பது வயசு கூட ஆகல, ஆறு மாசத்துல அடுத்த வேலை கிடைச்சுது. அங்கிளுக்கு அறுபத்தாறு.

மேல போட்ட உதாரணக் கணக்கை ஒரு பேப்பர்ல அவருக்குப் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்தார்.

"அப்ப, யாவாரம் படுத்தால் அந்தப் பெரிய கொம்பனி எனக்கு ஒண்டும் தராதோ?"

"தராது அங்கிள். அவங்க பேரை மட்டும்தான் தர்றாங்க."

"அந்தப் பேரை நம்பித்தானே தம்பி நான் காசு போடப் போனனான்."

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அவர் மகள், உங்க வயசுதான், யூனில கடைசி வருஷம். அவள்தான் அந்த புரோஷரை ஆன்லைன்ல பார்த்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கா, நல்ல ஸ்டார் ரேட்டிங்னு. அந்த நட்சத்திரம் படுக்கைக்குக் கொடுத்தது, முதலீட்டுக்கு இல்லை. இதை அவகிட்ட சொன்னப்ப முகம் வாடிப்போச்சு. அதனால நீங்களும் வீட்டுல ஒரு தடவை கேளுங்க. அப்பா அம்மா சூப்பர் பணத்தை எதுல போட யோசிக்கறாங்க, ஒப்பந்தத்துல உறுதி கொடுக்கிற கம்பெனி எது, அந்த உறுதி எத்தனை வருஷத்துக்கு, வாடகை உரிமை யார் கையில. இங்கிலீஷ் சின்ன எழுத்தை அவங்களை விட நீங்க வேகமாப் படிப்பீங்க.

அங்கிள் இன்னும் முடிவு பண்ணல. செவ்வாய்க்கிழமை ஒரு சொலிசிட்டரைப் பார்க்கப் போறார். நானும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன். புரோஷர் எங்க வீட்டு சாப்பாட்டு மேஜை மேலதான் கிடக்கு, என் கணக்குப் பேப்பரை மட்டும் மடிச்சு சட்டைப் பையில எடுத்துட்டுப் போயிட்டார்.