வாசல் கேமரா எந்த நேரத்தில் தொலைகிறது?

சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்காக வாசலில் ஒரு வைஃபை கேமரா மாட்டிவைப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. ஒருநாள் மாலை செயலியைத் திறந்தால் ‘ஆஃப்லைன்’ என்று வருகிறது. வீட்டுக்கு ஃபோன் போட்டால், “லைட்டு எரியுதுப்பா, கேமரா நல்லாத்தானே இருக்கு” என்று அம்மா சொல்கிறார். செயலி சொல்வதும் உண்மை, அம்மா சொல்வதும் உண்மை.

எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் சர்வர், இந்தக் கேமராவிடமிருந்து சற்று நேரமாக ஒன்றும் வரவில்லை என்று தெரிவிப்பதுதான் ‘ஆஃப்லைன்’. கேமரா பார்த்துக்கொண்டிருக்கலாம். உள்ளே மெமரி கார்டு இருந்தால் பதிவும் நடந்துகொண்டிருக்கலாம். நின்றுபோனது ஒரு துடிப்பு மட்டும்.

அந்தத் துடிப்பு எதற்கு? வீட்டு ரூட்டர் தன்னோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரியைக் கொடுக்கிறது. அது வீட்டுக்குள் மட்டுமே செல்லும். அடுத்த வீட்டு டிவிக்கும் அதே எண் இருக்கலாம். பழைய இணைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். உலகத்துக்கு அது போதாது என்று தெரிந்ததும் 1990-களில் செய்த ஏற்பாடு இது. இதனால் வெளியிலிருந்து யாரும் கேமராவை நேராகக் கூப்பிட முடியாது. கேமராதான் வெளியே போய் சர்வரோடு ஒரு தொடர்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதில் ஒன்றும் ஓடாவிட்டால் ரூட்டர் சீக்கிரமே மறந்துவிடும். அதனால் சில எழுத்துகள் அளவே உள்ள ஒரு துணுக்கைக் கேமரா திரும்பத் திரும்ப அனுப்புகிறது, யாரும் பார்க்காத நள்ளிரவிலும். சில முறை அது வந்து சேரவில்லை என்றால் சர்வர் கேமராவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும்.

வீட்டுக் கேமராவின் முன்னோடியில் இந்தச் சிக்கல் இல்லை. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், மின்னணுத் தொழில்நுட்பம் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டோடு சேர்ந்து 1966-ல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969-ல் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள், அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் ஒரு டிவி. வாசலுக்கும் அறைக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. இன்றைய கேமராவிலோ அந்தப் பத்தடித் தூரத்துக்குள் அடாப்டர், ஒயர், வானலை, ரூட்டர், ஃபைபர், சர்வர் என்று எத்தனையோ கண்ணிகள். எது அறுந்தாலும் திரையில் வருவது அதே ஒரு சொல்தான். ஆனால் ஒவ்வொரு கண்ணியும் அறுவதற்கென்று ஒரு நேரம் உண்டு. எங்கே பழுது என்று தேடும் முன், எப்போது அறுகிறது என்று கேட்பதுதான் சரியான முதல் கேள்வி என்பது என் உறுதியான எண்ணம்.

இருட்டியதும் தொலைந்து, விடிந்ததும் தானே திரும்பி வரும் கேமராவை எடுத்துக்கொள்வோம். நெட்காரரைக் கூப்பிடத் தேவையில்லை. அந்தி நேரத்தில் கேமராவின் பக்கத்தில் போய் நில்லுங்கள். ‘டிக்’ என்று ஒரு சின்ன ஓசை கேட்கும். பகல் முழுக்க லென்ஸுக்குப் பின்னால் ஒரு வடிகட்டி நின்று அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கிறது. அது இல்லாவிட்டால் செடியும் துணியும் நிறம் மாறித் தெரியும். வெளிச்சம் குறைந்ததும் வடிகட்டி விலகுகிறது. லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. அவை 850 நானோமீட்டர் வகையாக இருந்தால், உற்றுப் பார்க்கும்போது மங்கலான சிவப்பு தெரியும்.

விளக்கு எரிய மின்சாரம் வேண்டும். பகலில் 0.3 ஆம்பியரில் ஓடிய கேமரா, இரவில் 0.8 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடாப்டர் கொடுப்பது 5 வோல்ட். வாசல்வரை எட்டவில்லை என்று ஐந்து மீட்டர் மெல்லிய யூஎஸ்பி ஒயரைப் போட்டிருக்கிறோம். உள்ளே உள்ள செம்புக்கம்பி 0.32 மில்லிமீட்டர் தடிமன் என்றால், போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர், மொத்தத் தடை சுமார் 2.1 ஓம். பகலில் ஒயரிலேயே 0.6 வோல்ட் போய்விடும், மிஞ்சும் 4.4 வோல்ட்டில் கேமரா சமாளித்துவிடும். இரவில் 1.7 வோல்ட் போய்விடும். மிஞ்சுவது 3.3 தான். கேமரா அணைகிறது. அணைந்தால் விளக்கும் அணையும், வோல்டேஜ் ஏறும், கேமரா எழுந்து வைஃபையைத் தேடும், விளக்கைப் போடும், மறுபடி விழும். விடியும்வரை இதே கதைதான். வெளியூரில் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் ‘நெட் பிரச்சினை’.

தீர்வு ஒரு எலக்ட்ரீஷியனின் அரைமணி நேர வேலை. பிளக் பாயிண்டைக் கேமராவின் அருகே கொண்டுவந்து, அடாப்டரை அங்கே செருகிவிட்டால் போதும். அதே 4 வாட் மின்சாரத்தை 230 வோல்ட்டில் கொண்டுபோனால் ஒயரில் ஓடுவது 0.02 ஆம்பியர்கூட இல்லை. வழியில் வீணாவது கணக்கிலேயே வராது. மின்வாரியம் ஊர்விட்டு ஊருக்கு 110 கிலோவோல்ட்டிலும் 230 கிலோவோல்ட்டிலும் மின்சாரம் கொண்டுபோவதற்கும் இதுவே காரணம்.

கரண்ட் போய்வந்த பிறகு கேமரா திரும்பவில்லை என்றால் அது வேறு வகை. கேமரா சட்டென்று விழித்துக்கொள்ளும். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் நிதானத்துக்கு வர இன்னும் சில நிமிடங்கள் ஆகலாம். விழித்த கேமரா வைஃபையைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. நல்ல கேமரா தேடிக்கொண்டே இருக்கும். சில மாடல்கள் அலுத்து நின்றுவிடும்.

இதைவிட வியப்பான சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. விலை குறைந்த பல கேமராக்களில், மின்சாரம் இல்லாதபோதும் மணி காட்டும் தனி பேட்டரி கிடையாது. அவை யூனிக்ஸ் வழிவந்த மென்பொருளில் ஓடுபவை. அந்த மரபில் காலம் 1970 ஜனவரி 1 நள்ளிரவு, கிரீனிச் நேரப்படி தொடங்குகிறது. மின்சாரம் போய்வந்த கேமரா, தான் 1970-ன் முதல் நாளில் இருப்பதாகவே நினைக்கும். இந்திய நேரத்துக்கு வைக்கப்பட்டிருந்தால் காலை 5.30, சீன நேரத்துக்கென்றால் காலை 8. மெமரி கார்டில் அந்தத் தேதியோடு பதிவுகள் கிடப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள்.

தேதி தவறினால் என்ன? சர்வர் தான் யார் என்பதற்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டும். இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை செல்லும் என்று அதில் இருக்கும். 1970-ல் இருப்பதாக நம்பும் கேமராவுக்கு அது எதிர்காலத்துச் சான்றிதழ், செல்லாதது. ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் அந்த சர்வரோடு பேச மறுக்கவே வேண்டும். அதனால் கேமரா முதலில் இணையத்தில் மணி கேட்கிறது. டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1980-களில் வடிவமைத்த நேர ஒழுங்கு முறைதான் பெரும்பாலும் அதற்குப் பதில் சொல்கிறது. ரூட்டர் முழுதாக எழுவதற்குள் கேட்டால் பதில் வராது. இப்படி நடுவில் மாட்டிக்கொண்ட கேமராவை, ரூட்டரின் விளக்குகள் எல்லாம் நிலைத்த பிறகு ஒருமுறை பிளக்கிலிருந்து எடுத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரென்றால் ஃபைபர் பெட்டி, ரூட்டர், கேமரா மூன்றையும் ஒரே இன்வர்ட்டரில் போடுங்கள். கேமராவை மட்டும் இன்வர்ட்டரில் போட்டுவிட்டு ரூட்டரை மறந்த வீடுகளும் உண்டு.

நேரம் சொல்ல முடியாமல் விட்டுவிட்டு அறுந்தால் வானலையைச் சந்தேகிக்கலாம். ரூட்டர் வெளியிடும் சக்தி சுமார் 100 மில்லிவாட் என்று கொள்வோம். சில செயலிகள் சிக்னலை மைனஸ் எண்ணில் காட்டும். வீடியோ ஒழுங்காக ஓட மைனஸ் 67 வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்த எண் குறிப்பது, வெளியே போன சக்தியில் 50 கோடியில் ஒரு பங்கு கேமராவின் ஆன்டெனாவுக்கு வந்து சேர்கிறது என்பதைத்தான். அதற்குள்ளிருந்து எழுத்துப் பிசகாமல் செய்தியைப் பிரித்தெடுக்கிறது கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லு. பத்து எண் குறைந்தால் சக்தி பத்தில் ஒன்றாகிறது. மைனஸ் 77-ல் படம் திணறினால் சில்லைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவர், கிரில் கேட், பீரோ, கான்கிரீட் கம்பி என்று எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி, கொஞ்சம் கொஞ்சம் பிந்தி வருகிறது. கல் மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பேசினால் ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழுந்து ஒன்றும் புரியாமல் போகுமே, அதுதான் வீட்டுக்குள் வைஃபைக்கும் நடக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர்களில் ஜான் ஓ’சல்லிவன் முக்கியமானவர். ஆஸ்திரேலியரான அவர் வானொலி வானியலாளர். சின்னஞ்சிறு கருந்துளைகள் வெடிக்கக்கூடும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1974-ல் சொன்னதைப் பின்பற்றி, அந்த வெடிப்பின் ரேடியோத் துடிப்பை 1970-களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் தொலைநோக்கியில் தேடினார். அது அகப்படவில்லை. ஆனால் சிதறிக் கலங்கிவரும் சிக்னலைக் கணிதத்தால் தெளியவைக்கும் பழக்கம் அவரிடம் தங்கியது. பின்பு ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ-வில் நான்கு சகாக்களோடு அதே கணிதத்தை அறைக்குள் அலையும் வானலைக்குப் பொருத்தினார். செய்தியைப் பல அலைவரிசைகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெதுவாக அனுப்பினால், எதிரொலி அடங்குவதற்கு நேரம் கிடைக்கும். 1992-ல் விண்ணப்பித்த அந்தக் காப்புரிமை, பின்னர் வந்த வேகமான வைஃபைகளின் அடித்தளங்களில் ஒன்றாயிற்று.

எதிரொலி அப்போதும் முழுதாகப் போய்விடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். நேராக வரும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடங்கள், ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற அளவில் வீடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. கேமரா அப்படி ஓர் இடத்தில் மாட்டப்பட்டிருந்தால், இரண்டு விரற்கடை தள்ளி வைத்தாலே சிக்னல் உயிர்பெறும். மாயம்போல் தோன்றும், ஆனால் வெறும் வடிவகணிதம்.

அந்த இடங்கள் நிலையாகவும் இருப்பதில்லை. மாலையில் போர்டிகோவுக்குள் கார் வந்து நின்றால் முழு அமைப்பும் மாறும். ஐப்பசி மழையில் ஊறிய சுவர் காய்ந்த சுவரைவிட அதிகமாக அலையை விழுங்கும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது; சமையல் நேரத்தில் மட்டும் படம் உறைகிறதா என்று பாருங்கள். இதைச் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல ஆண்டுகள் பதிவான புதிரான ரேடியோத் துடிப்புகளுக்கு, வளாகத்தில் யாரோ மைக்ரோவேவ் கதவை வேலை முடியும் முன் திறந்ததே காரணம் என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள்.

இன்னொன்று. ஃபோனில் வைஃபை கோடுகள் நிறைய இருக்கிறதே என்று வாதிடுவதில் பயனில்லை. ஃபோன் பெரும்பாலும் வாங்குகிற கருவி. கேமரா ஓயாமல் அனுப்புகிற கருவி. ரூட்டர் பேசுவது கேமராவுக்குக் கேட்கலாம். சின்ன ஆன்டெனாவோடு கேமரா பேசுவது ரூட்டருக்குக் கேட்காமல் போகலாம்.

புது ரூட்டர் வந்த நாளில் தொலைந்த கேமராவுக்கு ஆராய்ச்சி தேவையில்லை. பெயரோ பாஸ்வேர்டோ மாறியிருக்கும். அல்லது பல கேமராக்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், புது ரூட்டர் 5-ல் நிற்கும். அல்லது 2018-ல் அறிமுகமான டபிள்யூபிஏ3 பூட்டு பழைய கேமராவுக்குப் புரியாது. ரூட்டரின் அமைப்பில் இவற்றை மாற்றிவிடலாம்.

இவற்றில் எதுவுமே பொருந்தவில்லை என்றால் சங்கிலியை நடுவில் சோதியுங்கள். ரூட்டரின் பக்கத்தைத் திறந்தால் இப்போது இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். கேமரா அதில் இருந்தால் மின்சாரம், ஒயர், வானலை, பாஸ்வேர்ட் எல்லாம் சரி. பழுது ரூட்டருக்கு அப்பால். பட்டியலில் இல்லையென்றால் பழுது இப்பக்கம். ஒரே பார்வையில் தேடவேண்டிய இடம் பாதியாகிவிடும்.

ரீசெட் பொத்தானுக்கு இவ்வளவுக்கும் பிறகுதான் முறை வரவேண்டும். அது அறுந்த நேரத்தின் தடயங்களை அழித்துவிடும். பல மாடல்களில் கேமராவைத் தொழிற்சாலைப் பாஸ்வேர்டுக்கும் திருப்பிவிடும். 2016-ல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட பாஸ்வேர்டுகளின் ஒரு சிறு பட்டியலை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களுக்கும் ரூட்டர்களுக்கும் உள்ளே நுழைந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவை சேர்ந்து டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயர்-முகவரி சர்வர்களைத் தாக்கின. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. அன்று தாக்கிய கேமராக்கள் ஒன்றுகூட ஆஃப்லைனில் இல்லை. ரீசெட் செய்தே ஆகவேண்டும் என்றால், படம் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் புதுப் பாஸ்வேர்டைப் போட்டுவிடுங்கள்.