பரந்தனும் வறிய நாடுகளின் மூலதனப் பிரச்சினையும்

வறிய நாடுகளின் அபிவிருத்தியைப் பற்றி ஆராயப் புகுவோர் முதலிற் கேட்கும் வினா, "பணம் எங்கிருந்து வரும்?" என்பதாகும். அது நியாயமான வினாவே. ஆயினும் அதனோடு வேறு மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். அப்பணம் எத்தகைய நிபந்தனைகளுடன் வருகின்றது? அதனைக் கொண்டு எதனைச் செய்வதெனத் தீர்மானிப்பவர் யார்? செய்து முடித்ததைப் பின்னர் பேணி நடத்துவதற்கான செலவை ஏற்பவர் யார்? இந்நான்கு வினாக்களுக்கும் விடை கிடைக்குமிடத்தே அபிவிருத்தி நிலைக்கின்றது. கிடையாதவிடத்துக் கடன் மாத்திரமே எஞ்சுகின்றது.

இன்றைய மக்களின் தேவையை நிறைவேற்றும்போது, நாளை வரப்போகும் மக்களின் தேவைக்குரிய நிலத்தையும் நீரையும் செல்வத்தையும் அழித்துவிடாதிருப்பதே நிலைபேறான அபிவிருத்தி எனப்படும். 2015ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபை இதற்கென 17 இலக்குகளை வகுத்து, 2030ஆம் ஆண்டை எல்லையாகக் குறித்தது. அவ்வாண்டு யூலையில் அடிஸ் அபாபா நகரில் கூடிய மகாநாடு நிதி திரட்டும் வழிகளை வகுத்தது. பத்தாண்டுகள் கழிந்தபின், 2025இல் ஸ்பானிய நாட்டின் செவில்லா நகரில் மீண்டும் கூடியபோது, வளர்முக நாடுகளுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் நிதிப் பற்றாக்குறை சுமார் 4 இலட்சம் கோடி டொலர் என மதிப்பிடப்பட்டது. செல்வந்த நாடுகள் தம் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை உதவியாக அளித்தல் வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டிலேயே வகுத்த இலக்கு. அதனை நிறைவேற்றிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மிகவும் பின்தங்கிய நாடுகள் என ஒரு பட்டியலை ஐக்கிய நாடுகள் சபை 1971இல் வெளியிட்டது. அப்போது அதில் 25 நாடுகள் இருந்தன. 2024ஆம் ஆண்டின் முடிவில் 44 நாடுகள் இருந்தன. இலங்கை அந்நாடுகளுள் ஒன்றன்று. சராசரி வருமானத்தைக் கொண்டு பார்த்தால் அது நடுத்தர வருமான நாடு. ஆனால் சராசரி என்பது ஊரை மறைக்கும் திரை. 2016ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி, இலங்கை முழுவதிலும் வறியோர் நூற்றுக்கு 4.1 பேராக இருந்தனர். முல்லைத்தீவு மாவட்டத்தில் 12.7 பேர், கிளிநொச்சி மாவட்டத்தில் 18.2 பேர். ஆதலால் வறிய நாடுகளின் பிரச்சினையை அறிய விரும்புவோர் தூர தேசம் செல்லவேண்டுவதில்லை. கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனே அதற்குத் தக்க உதாரணமாகும்.

கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தி பரந்தன். அதற்கு வடக்கே ஆனையிறவு உப்பளம் உள்ளது. தெற்கே கிளிநொச்சி நகரும், அதற்கப்பால் இரணைமடுக் குளமும் உள்ளன. சுற்றிலும் நெல்வயல்கள். உப்பு, நீர், நிலம், வீதி, புகையிரதம் ஆகிய ஐந்தும் ஓரிடத்தே கூடும் ஊர் இது. இங்கு மூலதனம் எவ்வாறு வந்தது, எவ்வாறு போயிற்று என்பதைக் கவனிப்போம்.

முதலாவது, இரசாயனத் தொழிற்சாலை. சுதந்திரம் பெற்ற நாடுகள் தமக்கு வேண்டிய பொருள்களைத் தாமே ஆக்கிக்கொள்ள முயன்ற காலம் 1950கள். அக்காலத்தில் அரச கூட்டுத்தாபனமாகப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதன் தத்துவம் எளிது. உப்பைக் கரைத்த நீரினூடே மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடாவும் குளோரீனும் ஐதரசனும் பிரிந்து வரும். எரிசோடா சவர்க்காரத்துக்கும் காகிதத்துக்கும் துணிக்கும் வேண்டும். குளோரீன் குடிநீரைச் சுத்திகரிக்க வேண்டும். உப்போ அயலிலேயே விளைந்தது. மண்ணின் பொருளை மண்ணிலேயே பயன்பொருளாக்கி, ஊரவருக்கு வேலையும் நாட்டுக்கு அந்நியச் செலாவணி மீதமும் தேடிய முயற்சி அது.

போர் அதனை அழித்தது. உற்பத்தி நின்றது; கட்டடங்கள் சிதைந்தன. கூட்டுத்தாபனம் பின்னர் கம்பனியாக மாறிப் பரந்தன் என்னும் பெயரைத் தாங்கியே இயங்கியது. ஆனால் அது விநியோகித்த குளோரீன் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது. உப்பு விளையும் நாடு, உப்பிலிருந்து வரும் பொருளுக்கு டொலர் கொடுக்க நேர்ந்தது.

மிகவும் பின்தங்கிய நாடுகள் பலவற்றின் கதை இதுவேயாம். அவை மூலப்பொருளை விற்று முடிவுப்பொருளை வாங்குகின்றன. செம்பை விற்று வாழும் சாம்பியா, 2020ஆம் ஆண்டு நவெம்பரில் வெளிநாட்டுக் கடன் தவணையைச் செலுத்த இயலாது நின்றது. அரசாங்கங்களான கடன்காரருடன் இணக்கம் ஏற்பட 2023ஆம் ஆண்டு யூன் வரை காத்திருக்க நேர்ந்தது. மூலப்பொருளின் விலை உலகச் சந்தையில் விழுந்தால் வருமானம் விழுகின்றது, கடனோ விழுவதில்லை.

இரண்டாவது, இரணைமடுக் குளம். கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இக்குளமே கிளிநொச்சி, பரந்தன் வயல்களின் உயிர். காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகத்திலோ குளத்து நீரின் அளவே விதைக்கும் ஏக்கரின் அளவைத் தீர்மானிக்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. அங்குள்ள மக்கள் சுண்ணக்கற் பாறையினுள்ளே தங்கும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கின்றனர். அந்நீர் அளவிற் குறைந்தும் தரத்திற் கெட்டும் வருதலால், இரணைமடுவிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுசெல்லும் திட்டம் வகுக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2010ஆம் ஆண்டில் 9 கோடி டொலர் கடன் வழங்க இசைந்தது. குளத்தைத் திருத்துவதற்கும் வெளியுதவி கிடைத்தது.

இங்கேதான் மூன்றாவது வினா எழுந்தது: தீர்மானிப்பவர் யார்? குடிநீர் வேண்டுமென்ற குடாநாட்டாரின் கோரிக்கை நியாயமானது. தம் சிறுபோகத்துக்கே நீர் போதாதபோது அதனைப் பகிர்வது எங்ஙனம் என்ற கிளிநொச்சிக் கமக்காரரின் ஐயமும் நியாயமானது. பணம் ஆயத்தமாக இருந்தது. இணக்கம் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆண்டுகள் கழிந்தன. ஈற்றில் திட்டம் மாற்றப்பட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. அதற்கென வங்கி 2017இல் மேலும் 12 கோடி டொலர் கடன் அளிக்க இசைந்தது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்ல அந்நிலையம் 2024ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் திறக்கப்பட்டது. திருத்தப்பட்ட இரணைமடு 2018இலேயே வழங்கப்பட்டிருந்தது.

கமக்காரரின் நீர் காக்கப்பட்டது. குடாநாட்டுக்கும் நீர் கிடைத்தது. ஆயினும் விலை உண்டு. கடல்நீரை மிக நுண்ணிய சவ்வுகளினூடே பேரழுத்தத்துடன் செலுத்தி உப்பை நீக்குவதற்கு மின்சாரம் பெருமளவு தேவை. சவ்வுகளையும் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும். குளத்து நீருக்கு ஆகாத இச்செலவு, நிலையம் இயங்கும் காலமெல்லாம் ஆகிக்கொண்டேயிருக்கும். அதனை நீர்க் கட்டணம் செலுத்துவோர் தாங்குவதா, திறைசேரி தாங்குவதா? கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நாளிலேயே விடை காணவேண்டிய வினா அது. நிலையத்தைத் திறந்தபின் கேட்டால், காலம் தாழ்ந்த வினாவாகிவிடும்.

நேயர்களே, இவ்விடத்திற் கடனின் நாணயத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். கடன் டொலரில் வருகின்றது. கட்டணமோ ரூபாவிற் கிடைக்கின்றது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்குச் சுமார் 200 ரூபா. சில மாதங்களில் அது சுமார் 360 ரூபாவாயிற்று. ஒரு கோடி டொலர்க் கடன் முதலில் 200 கோடி ரூபாவாக இருந்து, பின்னர் 360 கோடி ரூபாவாகப் பெருகியது. குழாயில் ஒரு துளி நீரும் கூடுதலாக ஓடவில்லை. வயலில் ஒரு புசல் நெல்லும் கூடுதலாக விளையவில்லை. அவ்வாண்டு ஏப்ரில் 12ஆம் நாள் இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது.

அரசாங்கத்தின் வரி வருமானம் அப்போது நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்குச் சுமார் எட்டுப் பங்கே. அரசாங்கம் தன் அடிப்படைக் கடமைகளைச் செய்யக் குறைந்தது 15 பங்காவது வேண்டுமென்பது பொருளியலாளர் பலரின் கருத்து. வரி திரட்ட இயலாத அரசு கடனை நாடுகின்றது. மலிவான கடன் கிடையாதபோது வட்டி மிகுந்த கடனை நாடுகின்றது. உலக வங்கியின் ஓர் அங்கமாக 1960இல் நிறுவப்பட்ட சர்வதேச அபிவிருத்திச் சங்கம், வறிய நாடுகளுக்கு 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தவணையிற் சலுகைக் கடன் அளிக்கின்றது. சராசரி வருமானம் உயர்ந்தமையால் 2017இல் இலங்கை அச்சலுகையினின்றும் விலகியது. நெருக்கடியின் பின் 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் அதற்கு மீண்டும் தகுதி பெற்றது. வகுப்பேறிய மாணவன் மீண்டும் கீழ்வகுப்புக்கு வந்தது போன்ற நிலை அது. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் வழங்கும் திட்டத்துக்கு இசைந்தது.

மூன்றாவது, வீட்டுக் கடன். 2009இல் போர் முடிந்தபின் வன்னியில் நிதி நிறுவனங்கள் பல வந்து சேர்ந்தன. கணவரை இழந்தும் பிரிந்தும் குடும்பப் பாரத்தைத் தாமே சுமந்த பெண்களுக்குச் சிறு கடன்கள் வழங்கப்பட்டன. கோழி வளர்க்கவும் தோட்டம் செய்யவும் கடன் பெறுவது தவறன்று. ஆனால் கோழி முட்டையிடுமுன்னே வாரத் தவணை வந்து வாசலில் நின்றது. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன், அதனை அடைக்க வேறொரு கடன் எனப் பல குடும்பங்கள் சுழலில் அகப்பட்டன. 2016இல் நுண்நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. அத்தகைய நிறுவனங்களின் ஆண்டு வட்டிக்கும் நூற்றுக்கு 35 என உச்ச எல்லை வகுக்கப்பட்டது.

அரசுக்குக் கிடைக்கும் சலுகைக் கடனுக்கு வட்டி மிகச் சிறிது. தவணை ஒரு தலைமுறைக் காலம். அதே நாட்டிற் கிணறு வெட்ட முனையும் பெண்ணுக்கோ நூற்றுக்கு 35 வரை வட்டி, தவணை வாரந்தோறும். சலுகை நாட்டின் வாயிலில் நின்றுவிடுகின்றது. குடிசை வரை வருவதில்லை. கிராமியக் கூட்டுறவுச் சங்கங்களையும் சிக்கனக் கடன் சங்கங்களையும் வலுப்படுத்தி, மலிந்த மூலதனத்தை அவற்றின் வழியே செலுத்தினால் இவ்விடைவெளி குறையும்.

இம்மூன்று உதாரணங்களினின்றும் பெறப்படுவது யாது? முதலாவதாக, ரூபாவில் வருமானம் தரும் வேலைக்கு டொலரிற் கடன் பெறுமிடத்து, நாணயப் பெறுமதி வீழ்ச்சியின் இடரைக் கடன் கொடுப்போரும் பங்கிடவேண்டும். இரண்டாவதாக, சலுகையைச் சராசரி வருமானத்தை மாத்திரம் கொண்டு அளத்தல் கூடாது. மாவட்டத்தின் வறுமையையும் நோக்குதல் வேண்டும். மூன்றாவதாக, நீரையும் நிலத்தையும் பயன்படுத்துவோரின் சம்மதம் திட்டத்தின் தொடக்கத்திலேயே பெறப்படவேண்டும். இரணைமடுவில் அது பிந்தியமையால் ஆண்டுகளும் பணமும் செலவாயின. நான்காவதாக, பேணுதற் செலவுக்கு வரவு செலவுத் திட்டத்தில் தனியிடம் வேண்டும்.

இவை ஏட்டுச் சுரைக்காயல்ல. ஆனையிறவில் 2025இல் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைக்கும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. பரந்தனில் மீண்டும் இரசாயனத் தொழில் எழுமாயின், ஊரவர் சில வினாக்களைக் கேட்கும் உரிமையுடையவர். தொழிற்சாலைக்கு வேண்டிய நன்னீர் கமத்தொழிலின் பங்கிலிருந்து எடுக்கப்படுமா? மின்சாரம் என்ன விலைக்கு வரும்? உப்பு மின்பகுப்பிற் பாதரசம் பயன்படுத்தும் பழைய முறையை 2025ஆம் ஆண்டுடன் கைவிடவேண்டுமென மினமாட்டா உடன்படிக்கை விதித்துள்ளது. புதிய சவ்வு முறையைக் கையாளும் பயிற்சி வன்னி இளைஞருக்கு அளிக்கப்படுமா? கழிவு நீர் எங்கே செல்லும்? குளோரீன் கசிந்தால் அயலவரைக் காக்கும் ஏற்பாடு யாது?

இவற்றுக்கு எழுத்தில் விடையளித்தபின் வரும் மூலதனத்தைப் பரந்தன் மக்கள் வரவேற்பர். விடையின்றி வரும் மூலதனத்துக்கு வட்டி செலுத்தப்போவோர், இன்று அங்குள்ள பாடசாலைகளில் அரிவரி வகுப்பிலிருக்கும் பிள்ளைகளே.