புட்டிகள் கண்ணில் படாத ஒயின் கடை

லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் தெருவின் 3ஆம் எண் கட்டடம் பெர்ரி பிரதர்ஸ் அண்ட் ரட் என்ற ஒயின் வணிகர்களுடையது. 1698இல் போர்ன் என்ற கைம்பெண் ஒருவர் காப்பிக் கடையாகத் தொடங்கியது இது. எதிரே அரண்மனை. காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தின் உருவம் பொறித்த பழைய பெயர்ப்பலகை இன்றும் வாசலில் தொங்குகிறது. உள்ளே கரும்பழுப்பு மரப்பலகை பதித்த சுவர்கள், சரிந்து மேடுபள்ளமாகிப்போன பலகைத் தரை, மேசை நாற்காலிகள், ஆளையே நிறுக்கும் பெரிய தராசு. ஒயின் மட்டும் அதிகம் கண்ணில் படாது. நெடுங்காலம் இங்கே வணிகம் நடந்த முறை அப்படி. வாடிக்கையாளர் உட்கார்ந்து பேசுவார். அவர் கேட்ட புட்டி கீழே நிலவறையிலிருந்து மேலே வரும்.

பழைய கட்டடம் ஒன்றில் ஒயின் கடையும் சுவைக்கூடமும் அமைக்க நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய அறை இதுதான் என்பது என் எண்ணம். ஒயினுக்கு வேண்டியதும் மனிதருக்கு வேண்டியதும் ஒன்றுக்கொன்று எதிரானவை. நமக்கு வெளிச்சம் வேண்டும், கதகதப்பு வேண்டும், ஈரமில்லாத காற்று வேண்டும். ஒயினுக்கு இருட்டும் குளிர்ச்சியும் ஈரமும் அசையாமையும் வேண்டும். இந்த இரண்டையும் மேல்தளம், நிலவறை என்று பழைய கட்டடமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. புதிதாக வடிவமைப்பவர் அந்தப் பிரிவினையை மதித்தால் பாதி வேலை முடிந்தது. அழகான சுவர் முழுக்கப் புட்டிகளை அடுக்கி விளக்குப் போட்டு மினுக்க நினைத்தால் சங்கடங்கள் அங்கேயே தொடங்குகின்றன.

முதல் சங்கடம் வெளிச்சம். ஒயினில் இயல்பாகவே ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின், சிறிதளவு இருக்கிறது. புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் பட்டால் அது கிளர்ந்து, ஒயினிலுள்ள மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கிறது. பிறப்பது கந்தகச் சேர்மங்கள்; வெந்த முட்டைக்கோஸ், நனைந்த கம்பளி என்று சுவைஞர்கள் சொல்லும் வாடை. பழுப்புக் கண்ணாடி இந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும், பச்சைக் கண்ணாடி ஓரளவு தடுக்கும், நிறமற்ற கண்ணாடி ஏறக்குறைய எதையும் தடுக்காது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், நிறமற்ற புட்டியில் அடைத்த வெள்ளை ஒயின்களைப் பேரங்காடி அலமாரிச் சூழலில் வைத்துப் பார்த்தார்கள். ஏழே நாளில் அவற்றுக்கே உரிய பழ, மலர் மணங்கள் கணிசமாகக் குறைந்துவிட்டன. கடையின் முன்கண்ணாடியில் வெயில் படும்படி நிற்கும் புட்டி விற்பனைக்கு உகந்ததல்ல. அங்கே வெற்றுப் புட்டிகளை வைப்பதே நேர்மையான வழி.

வெப்பம் இரண்டாவது. நீண்டகாலச் சேமிப்புக்கு 12, 13 டிகிரி செல்சியஸ் உகந்தது. அந்த எண்ணைவிடவும் அது ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம். சூடேறும்போது திரவம் விரிந்து தக்கையை வெளியே தள்ளும். குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தென் இங்கிலாந்தில் சில மீட்டர் ஆழத்தில் மண் ஆண்டு முழுவதும் 11, 12 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. செங்கல் வளைவுக் கூரையிட்ட பழைய நிலவறைகள் மின்சாரம் இல்லாத காலத்தில் ஒயினைக் காத்த ரகசியம் அந்த மண்தான். ஈரப்பதம் 60, 70 விழுக்காடு இருந்தால் தக்கையின் வெளிமுனை காய்ந்து சுருங்காது. அதற்கு மேல் போனால் புட்டியின் லேபிளில் பூஞ்சை பிடிக்கும். இங்கே சுவரின் பூச்சும் வேலை செய்கிறது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும். நிலவறைச் சுவர் கசிகிறதென்று அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் செங்கல்லுக்குள் சிறைப்பட்டு மேலேறி, மாடித்தரையின் மர உத்திரங்களை அரிக்கத் தொடங்கும். நம் ஊரில் பழைய சுண்ணாம்புக் காரை வீட்டைச் சிமென்ட் போட்டுப் பழுதுபார்த்தவர்களுக்கு இந்தத் துயரம் நன்றாகவே தெரியும்.

அந்தத் தராசுக்கு வருவோம். காப்பி மூட்டைகளை நிறுக்க வைத்திருந்த அதில் 1765 முதல் வாடிக்கையாளர்களையும் நிறுத்து, எடையைப் பேரேட்டில் எழுதி வந்தார்கள். கவிஞர் பைரனின் எடையும் அந்தப் பேரேடுகளில் இருக்கிறது. கட்டட வடிவமைப்பாளர் நிறுக்க வேண்டியது புட்டிகளை. நிரம்பிய புட்டி ஒன்று சுமார் 1.3 கிலோ. ஒரு மீட்டர் அகலமும் ஆளுயரத்துக்குச் சற்று மேல் உயரமும் கொண்ட மர அடுக்கில், ஒற்றை வரிசையாகப் படுக்க வைத்தாலே 220 புட்டிகள் பிடிக்கும். அடுக்கின் எடையோடு சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். முப்பது சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு கீற்றுத் தரையில் அவ்வளவும் இறங்குகிறது. சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு டன். பிரிட்டனில் இன்று வீட்டுத் தரைக்கு எடுத்துக்கொள்ளும் கணக்கே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். பதினெட்டாம் நூற்றாண்டுப் பலகைத் தரை இந்தச் சுமைக்காகப் பிறந்ததல்ல. அதனால் அடுக்குகளை உத்திரங்கள் சுவரில் அமரும் ஓரத்தை ஒட்டியோ, பல உத்திரங்களுக்குக் குறுக்காகச் சுமை பகிரும்படியோ நிறுத்துவார்கள். அதைவிட நல்லது, கனத்தை நேராக நிலவறைத் தரைக்கே அனுப்பிவிடுவது. பன்னிரண்டு புட்டிகள் கொண்ட பெட்டி ஒன்று பதினைந்து, பதினாறு கிலோ இருக்கும். குறுகிய பழைய படிக்கட்டில் நாளெல்லாம் அதைச் சுமக்கும் ஊழியரின் முதுகையும் வரைபடம் போடும்போதே நினைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கொடிய ஆபத்து கண்ணுக்கே தெரியாதது. பூச்சி அரிக்காமல் இருக்கவும் உளுத்துப்போகாமல் இருக்கவும் கடந்த நூற்றாண்டில் பழைய மரங்களுக்குக் குளோரோஃபீனால் வகை மருந்துகளைத் தாராளமாகப் பூசினார்கள். ஈரமான நிலவறையில் வளரும் பூஞ்சைகள் அந்த மருந்தைத் தங்களுக்குத் தீங்கில்லாத வேறு பொருள்களாக மாற்றிக்கொள்கின்றன. அவைதான் குளோரோஅனிசோல்கள். கெட்ட தக்கையால் ஒயினில் ஏறும் நனைந்த அட்டைப்பெட்டி வாடைக்குக் காரணமான டி.சி.ஏ.வும் இந்தக் குடும்பம்தான். ஒரு லிட்டர் ஒயினில் சில நானோகிராம் இருந்தாலே பழகிய மூக்கு கண்டுபிடித்துவிடும். ஐந்து நானோகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் போதும், 20 கோடி லிட்டர் ஒயினைக் கெடுக்க. இது காற்றில் பரவும், அட்டைப்பெட்டியில் ஏறும், பீப்பாயில் ஏறும், மூடிய புட்டியின் தக்கையில் வந்து ஒட்டும். தக்கை மேல் பழிபோட்டுப் பல காலம் தேடிய பிறகு, குற்றவாளி நிலவறையின் கூரை மரமே என்று பிரெஞ்சு ஒயின் தயாரிப்பாளர்கள் சிலர் கண்டுகொண்டார்கள். பழைய கட்டடத்தை ஒயினுக்காக எடுப்பவர் பூட்டுச் சாவி வாங்கும் முன்னரே காற்றையும் மரத்தையும் ஆய்வகத்தில் சோதித்துவிட வேண்டும். குளோரின் கலந்த பிளீச்சால் தரையைக் கழுவும் பழக்கத்துக்கும் அங்கே இடமில்லை.

சுவைக்கூடம் எங்கே அமைய வேண்டும்? மெழுகுவத்தி எரியும் செங்கல் வளைவின் கீழே என்றுதான் எல்லோருக்கும் ஆசை. விருந்துக்கு அது பொருந்தும். பெர்ரி நிறுவனத்தின் நிலவறைகளில் ஒன்று, பின்னாளில் பிரெஞ்சுப் பேரரசரான லூயி நெப்போலியன், லண்டனில் புகலிடம் தேடி இருந்தபோது கூட்டங்கள் நடத்திய இடம் என்கிறார்கள். அவர் பெயரைத் தாங்கிய அந்த அறையில் இன்று விருந்துகள் நடக்கின்றன. தொழில்முறையில் ஒயினை எடைபோடுவது வேறு வேலை. அதற்கு நிறம் சரியாகத் தெரிய வேண்டும். 2001இல் போர்தோ ஆய்வாளர்கள் வெள்ளை ஒயினுக்கு மணமற்ற சிவப்பு நிறமி சேர்த்து, ஒயினியல் படிக்கும் 54 பேரிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அவர்கள் அதன் மணத்தை வர்ணித்தார்கள். 2009இல் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், அறை விளக்கின் நிறத்தை மாற்றியபோது ஒரே ரீஸ்லிங் ஒயினுக்கு வெவ்வேறு மதிப்பெண்கள் விழுந்தன. கண் நாக்கை அவ்வளவு எளிதாக ஏமாற்றுகிறது.

ஆகவே வடக்கு நோக்கிய சாளரமுள்ள மேல்தள அறையே என் தேர்வு. நேர் வெயில் விழாது. வெளிச்சம் ஒரு சீராக இருக்கும். மேசை வெள்ளையாக இருக்கட்டும், கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்க. உணவுச் சுவைச் சோதனை அறைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8589 தரவிதி மணமற்ற காற்றையும் நடுநிலையான சுவர் நிறத்தையும் கேட்கிறது. அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் நிலவறையின் பூஞ்சை மணமும் சமையலறை வாடையும் உள்ளே வராது. புது வார்னிஷ் பூசிய அறையில் சில வாரங்களுக்குச் சுவைப்பே கூடாது. கோப்பைக்கும் ஒரு தரவிதி உண்டு. 1977இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3591 கோப்பை 215 மில்லிலிட்டர் கொள்ளும். அதில் 50 மில்லிலிட்டர் மட்டுமே ஊற்றுவார்கள், மீதி இடம் மணத்துக்கு. ஒரே அமர்வில் பல ஒயின்களைச் சுவைப்பவர்கள் விழுங்காமல் துப்புவார்கள் என்பதால் ஒவ்வோர் இருக்கையிலும் கைக்கெட்டும் தூரத்தில் படிக்கம் வேண்டும். அதைக் குழாயோடு இணைக்கப் பழைய மரப்பலகையைத் துளைப்பதைவிட, எடுத்துக் கழுவும் படிக்கமே மேல்.

துளைப்பதற்குச் சட்டமும் விடாது. இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும், 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனி அனுமதி வேண்டும். குளிரூட்டியின் வெளிப்பெட்டியை நினைத்தபடி முகப்பில் மாட்ட முடியாது. நல்ல வடிவமைப்பாளர்கள் இதைத் தொல்லையாகப் பார்ப்பதில்லை. சுவரைத் தொடாமல் தானாக நிற்கும் அடுக்குகள், தரைப்பலகையைத் தூக்காமல் மேலே ஓடும் மின்கம்பிகள், நாளை எல்லாவற்றையும் கழற்றி எடுத்தால் கட்டடம் பழையபடி நிற்கும் ஏற்பாடு என்று அறைக்குள் இன்னோர் அறையாகவே யோசிக்கிறார்கள்.

பெர்ரி நிறுவனத்தாரும் இன்றைய வாடிக்கையாளருக்குப் புட்டிகளைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆசை உண்டு என்பதை உணர்ந்தார்கள். அதற்காக 3ஆம் எண் அறையின் சுவர்களில் அடுக்குகளை அறையவில்லை. 2017இல் பக்கத்துத் தெருவான பால் மாலில், 63ஆம் எண் இடத்தில் புதிய கடையைத் திறந்து, அலமாரிகளையும் விற்பனையையும் அங்கே மாற்றினார்கள். வாடிக்கையாளர்கள் வாங்கி முதிர வைக்கும் ஒயின்கள் லண்டனுக்கு வெளியே பேசிங்ஸ்டோக் கிடங்குகளில் கிடக்கின்றன. பழைய அறை உட்கார்ந்து ஆலோசனை கேட்கும் இடமாகத் தொடர்கிறது.